இரண்டு வம்சாவளிகள்: கியோசின் ராலிகளும் தேராவின் முத்து வணிகர்களும்

1955-இல் பிலிப் அர்ஜெண்டி என்பவர் இலண்டனில் இரண்டு தொகுதிகள் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். ஏஜியன் கடலில், துருக்கிக் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கியோஸ் தீவின் பெருங்குடும்பங்களின் வம்சாவளி நூல் அது. யாருக்கு யார் பிறந்தார்கள், யார் எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பதெல்லாம் குடும்பம் குடும்பமாக அதில் பதிவாகியிருக்கிறது. உயர்குடிகளின் பெயர்களை 'தங்க ஏடு' என்ற பெயரில் எழுதிவைப்பது இத்தாலிய நகரங்களின் பழைய வழக்கம். கியோசை 1346 முதல் 1566 வரை ஆண்டவர்கள் ஜெனோவாக்காரர்கள். அதன் பிறகு தீவு உதுமானிய சுல்தானின் கைக்குப் போய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது. ஆனாலும் தங்கள் குலப்பெருமையை எழுதிவைக்க அந்தக் கிரேக்கர்கள் எடுத்துக்கொண்டது பழைய ஜெனோவா முறையைத்தான். அர்ஜெண்டியே அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றின் வழிவந்தவர்.

துபாய் க்ரீக்கின் வடகரையில் இருக்கும் தேராவில் வம்சாவளி வேறு இடங்களில் இருக்கிறது. ஆட்களின் பெயர்களிலேயே இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. முத்துக்குளிப்பின் கடன் கணக்கிலும் அரசாங்கப் பதிவேட்டிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியது பம்பாய்தான். கியோசின் ராலி குடும்பம் 1861-இல் அங்கே கிளை திறந்தது. தேராவின் முத்து விற்றதும் அதே பம்பாயில்தான். வளைகுடாவில் 1966 வரை புழங்கிய பணம் ரூபாய். இரு கூட்டத்தாரும் நம் கரையையும் தொட்டவர்கள். ராலி கம்பெனி தூத்துக்குடியில் பருத்தி வாங்கியது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முத்துக்குளிப்புகளில் நம்மவர்களோடு வளைகுடா அரபுகளும் மூழ்கினார்கள்.

ராலி மரத்தை முதலில் பார்ப்போம். கியோசின் ஸ்தெஃபானோஸ் ராலி 1755-இல் பிறந்து 1827-இல் இறந்தார். அவருக்கு ஐந்து மகன்கள். ஜான் கருங்கடலின் ஒடெசாவில் இருந்தார். அகஸ்டஸ் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில். தாமஸ் உதுமானியத் தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளில். பாண்டியாவும் யூஸ்ட்ராட்டியோவும் இங்கிலாந்தில். இந்தப் பரவல் தற்செயலாக நடந்ததல்ல. 1774-இல் ரஷ்யாவும் உதுமானியரும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கிரேக்கக் கப்பல்கள் ரஷ்யக் கொடியின் கீழ் கருங்கடலில் ஓடத் தொடங்கின. 1794-இல் ஒடெசா துறைமுகம் எழுந்தது. அங்கிருந்து கோதுமை மத்தியதரைக் கடலுக்கு வந்தது, மான்செஸ்டர் துணி எதிர்த்திசையில் போனது. ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆள் வேண்டும். கடிதம் போய்ச் சேரப் பல வாரம் ஆகும் காலத்தில், இலண்டன் பேரில் எழுதிய உண்டியலை முகம் பார்க்காமல் ஏற்றுப் பணம் கொடுக்க உடன்பிறந்தவனைவிட நம்பகமானவன் யார்? 1818-இல் இலண்டனில் 'ராலி அண்டு பெட்ரோகோக்கினோ' என்ற கடை திறந்தபோது கூட்டாளியும் கியோஸ் குடும்பத்துக்காரர்தான். 1837-இல் பாரசீகத்தின் தப்ரீசில் பட்டு வாங்கப் போனபோது உடன் சேர்ந்த அகெலாஸ்டோவும் கியோஸ் குடும்பமே. பிறகு 1851-இல் கல்கத்தா, பத்தாண்டு கழித்து பம்பாய்.

நான்கு தலைமுறையை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஸ்தெஃபானோஸ், அவர் மகன் அகஸ்டஸ், அகஸ்டஸின் மகன் ஸ்டீஃபன் அகஸ்டஸ், அவருடைய மகன் மறுபடியும் அகஸ்டஸ். மூத்த பேரனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், நடுவில் அப்பா பெயர். நம் வீடுகளில் நடப்பது போலவேதான். பாண்டியா 1865-இல் இறந்தபின் கம்பெனியை நடத்தியவர் அந்த ஸ்டீஃபன் அகஸ்டஸ் (1829–1902). கடைசி அகஸ்டஸ் ஈட்டன் பள்ளியில் படிக்கும்போதே 1872-இல் இறந்துவிட்டான். இலண்டனின் வெஸ்ட் நார்வுட் கல்லறைத் தோட்டத்தில் கிரேக்கர்கள் 1842-இல் தனியாக வாங்கிய பகுதி இருக்கிறது. மகனுக்காகத் தகப்பன் அங்கே எழுப்பிய சிறுகோயில் பழைய கிரேக்கக் கோயில் போலத் தூண்களோடு நிற்கிறது. அதைச் சுற்றிலும் கல்லில் வெட்டிய பெயர்களைப் படித்தாலே அர்ஜெண்டியின் ஏட்டில் பாதியைப் படித்த மாதிரி.

தேராவுக்கு வருவோம். 1908-இல் வெளிவந்த பிரிட்டிஷ் அதிகாரி லோரிமரின் வளைகுடா விவரத்தொகுப்பில், துபாயின் பெரிய பகுதி தேராதான். ஏறத்தாழ 1600 வீடுகள், 350 கடைகள். பாரசீகக் கரையின் லிங்கே துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் அந்தக் கடைவீதி பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம். லிங்கே காசிமி அரபுகளின் ஆட்சியில் செழித்த ஊர். 1887-இல் பாரசீக அரசு அதை நேரடியாக எடுத்துக்கொண்டது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜிய அதிகாரிகளை வைத்துச் சுங்கத்தை இறுக்கியது. 1894 முதல் 1906 வரை துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர் வரியைத் தளர்த்தி வணிகர்களை இந்தக் கரைக்கு அழைத்தார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் லிங்கேயைப் போலவே துபாயிலும் முறையாக நிற்கத் தொடங்கின. சில காலம் தங்கிப் பார்க்கலாம் என்று வந்த குடும்பங்கள் நிலைத்துவிட்டன.

கியோசுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடூரமானது. 1822 வசந்தத்தில், கிரேக்கக் கிளர்ச்சிக்குப் பழிவாங்க உதுமானியப் படை தீவில் இறங்கியது. பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், பல்லாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் தெலாக்ருவா அதை ஓவியமாகத் தீட்டி ஐரோப்பாவை உலுக்கினார். லிங்கே வணிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு கடலைத் தாண்டினால் போதுமாக இருந்தது. கியோஸ்காரர்களில் பிழைத்தவர்களுக்கு மூட்டை கட்டவும் நேரமில்லை. அப்படியிருந்தும் ராலிகள் நான்கே ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் கடை திறந்திருந்ததால் நிலைத்தார்கள். கிளைகளை முன்கூட்டியே வெளியூரில் ஊன்றிய மரம் வேர் வெட்டுப்பட்டும் பிழைத்தது என்றுதான் அந்த வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாக் கிளைகளும் அப்படி ஏட்டில் தொடரவில்லை. கியோசின் கார்டமிலா ஊரில் 1817-இல் பிறந்த கியோர்கியோஸ் ஸ்த்ரவெலாக்கிஸ் என்ற சிறுவன் 1822-இல் அண்ணனோடு பிடிக்கப்பட்டு விற்கப்பட்டான். துனிஸ் அரண்மனையில் வளர்ந்து, முஸ்தபா கஸ்னதார் என்ற பெயரில் 1873 வரை அந்த நாட்டின் முதன்மை அமைச்சராக இருந்தான். அதே மண்ணில் பிறந்து, அதே ஆண்டில் அதே கலவரத்தில் சிதறியவன். இலண்டனில் நிமிர்ந்து எழுந்த மரங்களில் அவனுக்கு இடமில்லை, அவன் பிறந்த வீடும் பெருங்குடும்பமல்ல. கியோசின் வம்சாவளி என்று பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவன் இவன்தான். சொந்தப் பெயரையும் மதத்தையும் இழந்து, வேறொரு நாட்டில் வேறொரு குடும்பத்துக்கு முதல்வனானவன்.

தேராவின் அல் ராஸ் பகுதியில், மசாலா சந்தையைத் தாண்டி உள்ளே போனால் அல் அஹமதியா பள்ளி இருக்கிறது. துபாயின் முதல் முறைசார் பள்ளி அதுதான், 1912-இல் தொடங்கியது. அதைத் தொடங்கத் திட்டமிட்ட முத்து வணிகர் ஷேக் அஹமது பின் தல்மூக் வேலை முடியுமுன் காலமானார். மகன் முகமது பின் அஹமது பின் தல்மூக் அதை முடித்துத் தந்தையின் பெயரால் திறந்தார். பக்கத்திலேயே 1890-இல் கட்டிய பழைய வீடு ஒன்று நிற்கிறது, 1910-இல் அஹமது பின் தல்மூக் அதை வாங்கினார். பிற்காலத்தில் துபாயை ஆண்ட ஷேக் ராஷித் பின் சயீத் படித்ததும் இந்தப் பள்ளியில்தான். மகன் பெயரை முழுதாகச் சொன்னாலே மூன்று தலைமுறை வந்துவிடுகிறது. தனியாக ஒரு மரம் வரைய வேண்டிய தேவையில்லை. ஆளும் குடும்பத்திலும் அப்படித்தான். ஹஷரின் தந்தை மக்தூம், மகனும் மக்தூம். ஸ்தெஃபானோஸ், அகஸ்டஸ், ஸ்டீஃபன் என்று வந்த அதே ஊஞ்சலாட்டம்.

இந்த ஒற்றுமைக்கு அடியில் பெரிய வேற்றுமை இருக்கிறது. கிரேக்க மரத்தில் பெண்கள் இருக்கிறார்கள். ராலி, ஸ்காரமாங்கா, ரோடோகனாக்கி, மாவ்ரோகோர்டாட்டோ, ஷிலிட்சி, அர்ஜெண்டி என்று கியோசின் வீடுகள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தன. ஒவ்வொரு திருமணமும் இரண்டு கடைகளை இணைத்தது. சீதனம் மூலதனமானது. எனவே மருமகள் எந்த வீட்டுப் பெண் என்பதை எழுதியே ஆக வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் ஒன்பது கோயில்களாகப் பிரிந்து, தங்கள் கோயிலை விட்டு வேறு கோயிலில் பெண் எடுத்து, பர்மாவரை வட்டிக்கடை நடத்திய கட்டமைப்பை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு ஆயிரம் மைல் தாண்டி நிற்கும் பணத்துக்குக் காவல் சம்பந்தம்தான்.

'பின்', 'பின்' என்று போகும் அரபுப் பெயர்ச்சங்கிலி தகப்பன்மாரை மட்டுமே கோக்கிறது. தாயும் மனைவியும் அதில் வருவதில்லை. திருமண உறவுக்கு அங்கே முக்கியத்துவம் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 1938 அக்டோபரில் தேரா வணிகர்களும் ஆட்சியாளர் ஷேக் சயீதின் உறவினர்களும் சேர்ந்து ஒரு மன்றத்தை அமைக்க வைத்தார்கள். வருவாயை மன்றம் கையாள வேண்டும், பள்ளியும் நகராட்சியும் நடக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. க்ரீக்கின் இரு கரைகளும் இரு கட்சிகளாக நின்றன. எதிரே நின்றவர்களும் சித்தப்பா பெரியப்பா வழியினர்தான். 1939 மார்ச் 29 அன்று ஆட்சியாளரின் மகன் ஷேக் ராஷிதுக்கும், அபுதாபியை முன்பு ஆண்ட ஷேக் ஹம்தான் பின் ஜாயிதின் மகள் லத்தீஃபாவுக்கும் தேராவில் திருமணம். அந்த நாளில் ஆட்சியாளரின் ஆட்கள் தேராவுக்குள் வந்து ஊரைக் கைப்பற்றினார்கள். மன்றம் அன்றோடு முடிந்தது. தேராவின் அரசியலைத் திருப்பிய நாள் ஒரு கல்யாண நாள். பெயர்ச்சங்கிலியை மட்டும் படிப்பவர்களுக்கு அது எட்டவே எட்டாது.

முத்து வணிகம் இயங்கிய விதமும் வேறு. ஒவ்வொரு துறைமுகத்திலும் உடன்பிறந்தவனை உட்கார வைப்பதற்குப் பதில், தேராவில் முன்பணம்தான் ஆட்களைக் கட்டியது. பம்பாயோடு தொடர்புள்ள இந்திய வணிகர்களிடமிருந்து பணம் தேராவின் தவ்வாஷுக்கு, அதாவது முத்து வணிகருக்கு, வரும். அவரிடமிருந்து படகின் தலைவரான நகுதாவுக்கு, நகுதாவிடமிருந்து முக்குளிப்பவனுக்கும் கயிறு இழுப்பவனுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பருவம். கரையேறியதும் கணக்குப் பார்த்தால் பெரும்பாலோருக்குக் கடன் மிஞ்சும், அடுத்த பருவத்துக்கும் அதே படகில் ஏறியாக வேண்டும். முக்குளிப்பவன் இறந்தால் கடன் மகன் தலையில் வரும். 1929 உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தபோது, மேல்படியில் இருந்தவர்களும் சரிந்தார்கள். அல் அஹமதியா பள்ளியே சில காலம் மூடப்பட்டது. இலண்டனில் ஒரு ராலி தடுமாறினால் மார்செயிலிருந்து ஒரு ராலி தாங்க முடிந்தது. தேராவின் தவ்வாஷுக்குக் கடன் கொடுத்தவர் குடும்பத்துக்கு வெளியில் இருந்தார். வெளியில் இருப்பவர் பாக்கியைக் கேட்கத்தான் செய்வார்.

அந்தக் கடன் ஏட்டையும் வம்சாவளியாகவே நான் படிக்கிறேன். தந்தை பெயர், மகன் பெயர், நிலுவை. ஏழைகளின் பெயர்கள் தலைமுறை தாண்டி எழுதப்பட்டது அங்கேதான். இன்னொரு ஆவணமும் உண்டு. வளைகுடாவின் முத்துப் படகுகளில் ஆப்பிரிக்காவிலிருந்தும் பலுசிஸ்தானிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் பலர் மூழ்கினார்கள். 1920-களிலும் 30-களிலும் அவர்களில் சிலர் பிரிட்டிஷ் ஏஜென்சிகளுக்கு ஓடிப்போய் விடுதலைச் சான்று கேட்டார்கள். அப்போது எழுதிய வாக்குமூலங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் இருக்கின்றன. பெயர், வயது, தாய் தந்தை, பிறந்த ஊர், பிடித்தவன் யார், யாருக்கு விற்றான் என்று அவை போகின்றன. வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் தங்கள் மரத்தின் முதல் இரண்டு இலைகளையாவது சொல்லி எழுத வைத்திருக்கிறார்கள். அர்ஜெண்டியின் ஏட்டைவிட இந்தத் தாள்கள் எனக்குப் பெரிய வம்சாவளிகளாகத் தெரிகின்றன. ராலிகளின் பக்கத்திலும் இதே குறை இருக்கிறது. உள்நாட்டுச் சந்தைகளில் பருத்தியும் சணலும் தானியமும் பார்த்து வாங்கிய இந்தியத் தரகர்களும், பொதி அழுத்தும் ஆலைகளில் நின்ற கூலிகளும் இல்லாமல் அந்தக் கம்பெனி ஒரு நாளும் நடந்திருக்காது. குடும்ப ஏட்டில் அவர்களுக்குக் கோடு கிடையாது.

யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. தங்க ஏடு வந்த காலத்தில் கியோஸ் குடும்பங்களின் வணிகப் பெருமை பின்னால் போயிருந்தது. அவர்களில் ஒருவர் 1912-இல் பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டமே வாங்கியிருந்தார். ராலி கம்பெனி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. இந்தியாவில் அதன் பெயரைத் தாங்கும் ரேலிஸ் இன்று டாட்டா குழுமத்தின் நிறுவனம். நம் ஊர் உரக்கடையில் பூச்சிமருந்து டப்பாவில் அந்தப் பெயரைப் பார்க்கும் விவசாயிக்கு கியோஸ் தெரியாது. ஆக, அந்த ஏடு கௌரவத்துக்காகவும் நினைவுக்காகவும் எழுதப்பட்டது. அதில் இல்லாதவருக்குப் பெருமை குறையலாம், வேறு எதுவும் குறையாது.

வளைகுடாவில் வம்சாவளி இன்றும் உயிருள்ள ஆவணம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 1972-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1925-லோ அதற்கு முன்போ இந்த அமீரகங்களில் ஒன்றில் குடியிருந்து தொடர்ந்து வந்த அரபுகளைச் சட்டப்படி குடிமக்களாக ஏற்றது. தாத்தா எந்தக் கரையில், எந்த ஆண்டில் இருந்தார் என்பது அன்று முதல் பேரனின் கடவுச்சீட்டுக்குரிய கேள்வியாகிவிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு தரும் பதிவுப் புத்தகம் உண்டு. பாரசீகத்தின் லிங்கேயிலிருந்தும் பஸ்தக்கிலிருந்தும் வந்தவர்களின் ஊர்ப்பெயரும் குலப்பெயரும் அதில் நிலைத்தன. முத்து வணிகத்திலிருந்து வந்த அல் குரைர் குடும்பம் 1967-இல் வங்கி தொடங்கி, 1981-இல் தேராவில் அல் குரைர் சென்டரைத் திறந்தது. பிறகு சகோதரர்களின் தொழில்கள் தனித்தனிக் குழுமங்களாயின. மரத்தின் கிளைகளே நிறுவனத்தின் கிளைகளாயின. மூத்தவரான சயீஃப் அஹமது அல் குரைர் 2019-இல் 95 வயதில் காலமானார். முத்துக் காலத்தைக் கண்ணால் கண்ட வணிகத் தலைமுறை ஏறக்குறைய அவர்களோடு முடிகிறது.

இரண்டில் எது மேலானது என்று கேட்டால், எழுதிய முறையில் கிரேக்க ஏடுதான் மேல் என்பேன். பெண்களையும் அவர்கள் பிறந்த வீடுகளையும் ஊர்களையும் விடாமல் எழுதியது அதன் சிறப்பு. வரலாறு தேடுபவருக்கோ தேராவின் சிதறிய சான்றுகள்தான் உதவும். அவை வணிகரோடு சேர்த்து முக்குளித்தவனையும் நமக்குக் காட்டுகின்றன. குடும்பமே தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் ஏட்டில் அது கிடைக்காது.

தேராவிலேயே மூன்றாவது ஒரு வம்சாவளி எழுதப்படாமல் கிடக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் என்று நம் கரையோர ஊர்களிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் போய் நைஃபிலும் முர்ஷித் பஜாரிலும் அல் ராஸிலும் கடை வைத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் இருக்கிறார்கள். ரூபாய் புழங்கிய காலத்திலேயே வந்திறங்கியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் சிலரே. தமிழர்களுக்கு அங்கே குடியுரிமைப் பதிவேடு இல்லை, விசா முடிந்தால் பெயரும் போய்விடும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் இந்த மாதமே அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், யார் கடை, யார் சம்பளம் கொடுத்தார், ஊரில் வீட்டைத் தாங்கிய மனைவியின் பெயர் என்ன, உடன் அறையில் தங்கியவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பழைய ரசீதையும் பாஸ்போர்ட்டையும் குப்பையில் போடாமல் படமெடுத்து வையுங்கள். கடை முதலாளியின் பெயரை எழுதும் அதே தாளில், அந்தக் கடையில் வேலை செய்தவர்களின் பெயரையும் எழுதுங்கள்.